சந்துக்கு வந்த மண்சாமி

இந்தக் காலத்து ஜனங்களுக்கு நாக்கு மட்டும்தான் நீளம். மனுப் போடச் சொன்னால் நாலு பக்கத்துக்குப் போடுவார்கள். காரியம் என்று வந்தால் காலை வாரி விடுவார்கள். துவான் கிழவர் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு பார்த்தார். பொக்லைனுக்கு முன்னால் சந்து ஜனம் மொத்தமும் கைகோத்து நின்றது.

"எங்க மேல ஏத்திட்டுப் போங்க!" என்று கத்தினாள் எதிர்வீட்டு சியூ-யுன்.

இத்தனைக்கும் அந்த பொக்லைனை வரவழைத்ததே இவர்கள்தான்.

வீடுகளை ஒட்டிய காலி மனையில் கோங் என்பவன் ஜல்லியைக் கொட்டி, கயிறு கட்டி, கார் நிறுத்த வாடகை வாங்கிக்கொண்டிருந்தான். அனுமதி கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. துவானின் மனைவிக்கு நுரையீரல் பழுது. அவள் கட்டிலை ஒட்டி ஜன்னல், ஜன்னலை ஒட்டிக் கார்களின் புகைக்குழாய். பார்க்கிங் வந்த நாளிலிருந்து அந்த ஜன்னல் திறக்கவில்லை.

துவான் அலையோ அலை என்று அலைந்த பிறகு, இன்றைக்குத்தான் தைனான் நகராட்சி அதிகாரி இடிக்க வந்தார். விடிந்து பார்த்தால் பார்க்கிங் வாசலில், சிவப்புப் பெட்டிக்குள், வெள்ளைத்தாடியோடு, ஊர் மண்ணைக் காக்கும் மண்சாமி சிலையாக உட்கார்ந்திருந்தார். யார் வைத்தது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

பொக்லைன் டிரைவர் கீழே இறங்கிவிட்டான். "சாமியக் கேக்காம கை வைக்க மாட்டேன் சார். நான் புள்ளகுட்டிக்காரன்."

சட்டைப் பையிலிருந்து பிறை வடிவ மரக்கட்டைகள் இரண்டை எடுத்து, நெற்றிக்கு நேரே தூக்கி, தரையில் போட்டான். ஒன்று மல்லாந்து ஒன்று குப்புற விழுந்தால் சாமிக்குச் சம்மதம். இரண்டும் குப்புற விழுந்தன. மறுபடி போட்டான். மூன்றாம் தடவையும் இரண்டும் குப்புறத்தான்.

"பாத்தீங்களா! நமக்குக் காவலா வந்திருக்காரு. அவர நகத்துனா சந்துக்கே ஆகாது!" என்றாள் சியூ-யுன்.

"காவலா?" துவான் உறுமினார். "நம்ம வீட்டுக்கெல்லாம் முதுகக் காட்டிக்கிட்டு, வர்ற காரப் பாத்துல்ல உக்காந்திருக்காரு!"

"தாத்தா, வாயக் கழுவுங்க! உங்க வீட்டம்மாவுக்கும் சேத்துத்தான் வேண்டிக்கிறோம்."

"அவளுக்குக் காத்து வேணும்மா. ஊதுபத்திப் புகை வேணாம்." டிரைவரிடம் கையை நீட்டினார். "அந்தக் கட்டையக் குடுடா, நான் போட்டுப் பாக்குறேன்."

டிரைவர் அவசரமாகக் கட்டைகளைப் பைக்குள் திணித்துக்கொண்டான். "மூணு தடவைக்கு மேல கேட்டா சாமிக்குக் கோவம் வரும் பெருசு."

அதிகாரி வியர்வையைத் துடைத்தார். "சாமிய விட்டுட்டு மத்த இடத்தத் தோண்டட்டுமா?"

"அதிர்வுல சாமி ஆடுனா யாரு பொறுப்பு?" என்றாள் சியூ-யுன். கூட்டம் ஆமாம் போட்டது.

"புகார் குடுத்ததும் நீங்க, மறிக்கிறதும் நீங்க. வாபஸ்னு எழுதி ஆளாளுக்குப் பேர் முத்திரை குத்திக் குடுங்க, நான் கெளம்புறேன்."

புகாரில் குத்தச் சொல்லி துவான் கெஞ்சியபோது, கையெழுத்துக்குப் பதிலான அந்த முத்திரையை நாலு மாதம் தேடிக்கொண்டிருந்தவர்கள், இப்போது வீட்டுக்கு ஓடிப்போய் ஆளுக்கொன்றைக் கொண்டுவந்து குத்தினார்கள். துவான் மட்டும் குத்தவில்லை. அவர் ஒருத்தர் முத்திரை இல்லாவிட்டால் ஒன்றும் குறையாது என்றாள் சியூ-யுன். அதிகாரி தாளை மடித்துக்கொண்டு போயே போய்விட்டார். சாமிக்குப் பழம் வாங்க ஜனமும் கலைந்தது.

எங்கிருந்தோ வந்த கோங், சாமிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கயிற்றை அவிழ்த்தான். முதல் கார் ஜல்லியை நொறுக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தது.

"சாமியாம், காவலாம்! தூ!" துவான் காறித் துப்பிவிட்டு, ஜன்னல் இடுக்கில் ஈரத்துணி அடைக்க வீட்டைப் பார்த்து நடந்தார்.

அவர் முதுகுக்குப் பின்னால் பொக்லைன் டிரைவர் கோங்கிடம் சொல்வது கேட்டது:

"சாமிய மட்டும் சாயங்காலத்துக்குள்ள திருப்பிக் குடுத்துடுண்ணே, நாளைக்கு இன்னொரு பார்க்கிங்ல வேலை இருக்கு."