மேலிருந்து தள்ளுவது

கல்லூரி ஆய்வுக்கூடத்து மேசையில் அப்பா தன் தராசோடு நிற்கிறார். பூமி எதையும் இழுப்பதில்லை, வானம்தான் எல்லாவற்றையும் கீழே தள்ளுகிறது என்பது அவர் கட்சி. ஒரு தட்டுக்கு மேல் ஈயத்தகட்டைக் குடைபோலப் பிடிக்கிறார். தள்ளல் குறைந்து அந்தத் தட்டு மெல்ல மேலேறுகிறது. "பாத்தீங்களா சார்!" நெற்றி வியர்வை ஜன்னல் வெளிச்சத்தில் மின்னுகிறது. துறைத்தலைவர் எழுந்துபோய் மேசைக்கு மேலே சுழலும் மின்விசிறியை நிறுத்துகிறார். இறக்கைகள் ஓய ஓய தட்டு இறங்கி, முள் நடுவில் நிற்கிறது. அப்பா தகட்டை இன்னும் தாழ்த்திப் பிடிக்கிறார். முள் அசைவதாக இல்லை. பின்னால் யாரோ சிரிப்பை இருமலாக்குகிறார்கள். அதே துறையில் பாடம் நடத்தும் மகள் புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே இருக்கிறாள். வீட்டுக் கூடத்திலும் தராசு மின்விசிறிக்கு நேர் கீழேதான் இருக்கிறது. அவர் அங்கே செய்துகாட்டிய முதல் நாளே அது விசிறிக்காற்றின் வேலை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அவர் மனசு நோகுமே என்று, "சூப்பர்ப்பா" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனவள் அவள். அப்பா தகட்டை மேசையில் சத்தமில்லாமல் வைத்துவிட்டு அவளிடம் வருகிறார். "விடும்மா," என்கிறார் தணிந்த குரலில், "நீயும்தான் கவனிக்கல. உன்னை யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க." அவள் தலையாட்டுகிறாள்.