மாப்பிள்ளை வருவதற்குள்

"மாப்பிள்ளை, ஒரு எளநி வாங்கிட்டு வந்துருங்களேன். செல்விக்கு நெஞ்சு எரியுதாம்."

செழியன் எழுந்தான். "சரிங்க மாமா. செவ்வெளநிங்களா, பச்சைங்களா?"

"ஏதோ ஒண்ணு. பஸ் ஸ்டாண்டு பக்கம் நல்லா இருக்கும்."

ஆஸ்பத்திரி வாசலிலேயே இளநீர் வண்டி நின்றது. அதைத் தாண்டித்தான் உள்ளே வந்திருந்தார்கள். செழியன் படியிறங்கி அதைத் தாண்டியே போனான்.

பொம்மையனுக்கு மூச்சு வந்தது.

காலையிலிருந்து இது மூன்றாவது தடவை. முதலில் ஜெராக்ஸ் எடுத்துவர அனுப்பினார். பிறகு பிஸ்கட்டுக்கு அனுப்பினார். இரண்டு தடவையும் டாக்டர் கூப்பிடுவதற்குள் மாப்பிள்ளை திரும்பி வந்துவிட்டான். மதுரையிலிருந்து சனிக்கிழமை மட்டும் திண்டுக்கல்லுக்கு வருகிற டாக்டர். கூட்டத்துக்குக் கேட்பானேன்.

அறிவுச்செல்வி பக்கத்தில் உட்கார்ந்து, மேலே ஏறி வரும் புளிப்பை விழுங்கிக்கொண்டிருந்தாள். ராத்திரியில் அவள் படுத்துத் தூங்கி வருஷக்கணக்காகிறது. சுவரில் தலையணையை முட்டுக்கொடுத்துச் சாய்ந்தபடியே கண்ணயர்வாள். ஒட்டன்சத்திரத்தில் மாமியார் வீட்டார் வாயுக்கோளாறு என்று ஓமத்தண்ணி கொடுத்தார்கள். உடம்பு திரும்பப் போட்டதையும் பிள்ளை பெற்ற உடம்பு என்று விட்டுவிட்டார்கள்.

அப்படியே நினைத்துக்கொண்டிருக்கட்டும் என்றுதான் பொம்மையனும் இருந்தார்.

கல்யாணத்துக்கு முன்னால், பருமனாக இருந்த அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாம் காப்பியைக் குடித்துவிட்டு, போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று போனார்கள். ஒருத்தர் வாசலைத் தாண்டும் முன்னமே சிரித்தார். அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் மகளைக் கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போய் ஆபரேஷனில் இரைப்பையைக் குறுக்கவைத்தார். சொந்த ஊரான ஆத்தூரில் கேட்டவர்களுக்கு, கம்ப்யூட்டர் படிக்கப் போயிருக்கிறாள் என்றார். இளைத்து வந்தபின் கேட்டவர்களுக்கு, கேப்பைக்கூழும் காலை நடையும் என்றார். குலதெய்வத்தின் முன்னால் சூடத்தைக் கையால் அணைக்கச் சொல்லி, கட்டியவனிடம்கூடச் சொல்ல மாட்டேன் என்று அவளிடம் சத்தியம் வாங்கினார்.

ஏமாற்றிக் கட்டிக்கொடுத்தான் என்று நாளைக்கு ஒருத்தன் பேசிவிடக் கூடாது.

மனைவி காலமானபின் அந்த ரகசியத்தைப் பேச வீட்டில் ஆள் இல்லை. பொங்கல் சீர் கொண்டுபோனால் கொடுத்துவிட்டு மத்தியான பஸ்ஸிலேயே திரும்பிவிடுவார். சம்பந்தி கையைப் பிடித்து இழுத்தாலும் ஒரு ராத்திரி தங்கியதில்லை. சிரிக்கச் சிரிக்கப் பேசினால் வாய் தவறிவிடும் என்று பயம். பேரன் தாத்தா என்று ஒட்டிக்கொள்ளும் வயதையும் அப்படியே பஸ்ஸில் விட்டுவிட்டு வந்தார்.

"அறிவுச்செல்வி யாரு? உள்ள வாங்க."

வாசலை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். மாப்பிள்ளையைக் காணோம். மகளைக் கிளப்பிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

டாக்டர் எண்டோஸ்கோப்பி படத்தைத் திருப்பிக் காட்டினார். குறுக்கிய இரைப்பை கொஞ்சம் விரிந்திருக்கிறது. அமிலம் மேலே ஏறி உணவுக்குழாயைப் புண்ணாக்கியிருக்கிறது. மாத்திரையில் அடங்கவில்லை. அதையே, இரைப்பையின் மேல்பகுதியைக் குடலோடு இணைக்கும் பைபாஸாக மாற்றினால் எரிச்சலும் அடங்கும், எடையும் குறைய வாய்ப்பு உண்டு. ஆனால் இரண்டாம் தடவை கத்தி வைப்பது முதல் தடவை மாதிரி லேசான காரியம் இல்லை. அவசரம் ஒன்றும் இல்லை, கலந்து பேசி முடிவு பண்ணுங்கள்.

பொம்மையன் குரலைத் தாழ்த்தினார். வாழ்நாளில் யாரிடமும் கெஞ்சாத குரல் அது.

"டாக்டரய்யா, மாப்பிள்ளை வர்றதுக்குள்ள சொல்லிப்புடுறேன். மொத ஆபரேஷன் பண்ணது அவருக்குத் தெரியாது. இதைக் குடலிறக்கம்னு சொல்லிப் பண்ணிரலாம். எங்க குடும்ப மானம் உங்க கையில இருக்கு."

டாக்டர் அவரைப் பார்த்தார். பிறகு அறிவுச்செல்வியைப் பார்த்தார்.

"அவரு போன வாரமே வந்து என்கிட்ட ஒரு மணி நேரம் பேசிட்டுப் போனாரேய்யா. ஸ்லீவ்னு இரைப்பையைக் குறுக்குன விவரமெல்லாம் அவர்தான் சொன்னாரு. ரெண்டாவது ஆபரேஷன்ல உயிருக்கு ஆபத்து இருக்கான்னுதான் திரும்பத் திரும்பக் கேட்டாரு."

பொம்மையன் மகள் பக்கம் திரும்பினார்.

அவள் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கல்யாணமான மூணாம் நாளே சொல்லிட்டேன்ப்பா. சூடம் அணைச்ச கையி... உங்ககிட்டதான் சொல்ல வாய் வரல. அப்பா மனசு தாங்காது, தெரியாத மாதிரியே இருந்துக்கிறேன்னு அவரும் சொல்லிட்டாரு."

மூன்றாம் நாள். மறுவீட்டு விருந்துக்கு வந்து, செழியன் இவர் பக்கத்தில் இலை போட்டு உட்கார்ந்த நாள். கேப்பைக்கூழைப் பற்றி இவர் பெருமையாக அளந்ததை எல்லாம் அவன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான்.

கதவு திறந்தது. மூன்று இளநீரைக் கயிற்றில் கட்டித் தூக்கிக்கொண்டு செழியன் நின்றான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தே போயிருக்கிறான்.

உள்ளே வரவில்லை. மாமனாரின் முகத்தைப் பார்த்தபடி, "நான் வெளிய இருக்கட்டுங்களா மாமா?" என்றான்.

பொம்மையன் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"இப்பிடி வந்து உக்காருங்க மாப்பிள்ளை."

வெளியே வந்து கதவைத் தானே சாத்தினார்.

அடுத்த ஆளைக் கூட்டிக்கொண்டு வந்த நர்ஸ் கதவில் கை வைத்தாள்.

"செத்த நேரம் பொறு தாயி. புருசனும் பொண்டாட்டியும் பேசிக்கிட்டு இருக்காக."

"அந்தப் பொண்ணுக்கு அப்பாதானே நீங்க? நீங்க உள்ள போகலையா?"

"எனக்கு உள்ள ஒரு சோலியும் இல்ல தாயி."