வாயைத் திறக்காதே

"நடுவுல வாயைத் திறந்தே, வெளியே அனுப்பிடுவேன்."

சிரீன் காதோடு சொன்னபோது நிதால் அதை விளையாட்டுப் பேச்சு என்றுதான் நினைத்தான்.

அம்மான் நகரத்தில் அந்தச் சின்ன அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் திரையில் ஓடும் பாடங்கள் தயாரிப்பதுதான் தொழில். நிதால் புதிதாகச் சேர்ந்த படம் வரைகிறவன். பாடத்தை வடிவமைப்பவள் சிரீன். எள் அல்வா செய்யும் ஒரு தொழிற்சாலைக்கு வந்திருக்கும் புது எள் அரைக்கும் மெஷினில் கை மாட்டிக்கொள்ளாமல் வேலை பார்ப்பது எப்படி என்பது இந்தப் பாடம். கதை ஓடும், நடுவே கேள்வி வரும். பதிலுக்குப் படத்தை விரலால் இழுத்துச் சரியான இடத்தில் போட வேண்டும். மேலே கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். எல்லாவற்றையும் ஒரே திரையில் சேர்த்துவிட்டதில் சிரீனுக்குப் பெருமை தாங்கவில்லை.

பாடத்தைச் சோதித்துப் பார்க்கத் தொழிற்சாலையிலிருந்து வந்த தொழிலாளி உம்மு வர்த்.

"தேறினா புது மெஷின், தேறாட்டி வீட்டுக்குப் போன்னு மானேஜர் சொல்லிட்டாரு" என்று சிரித்தாள்.

பாடம் ஆரம்பித்தது. திரையில் மெஷின் அடைத்துக்கொண்டது. இப்போது என்ன செய்வாய் என்று ஒரு குரல் கேட்டது.

"முதல்ல நிறுத்தணும், வேற என்ன?" என்று உம்மு வர்த் சுவிட்சின் படத்தைத் தட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. ஓங்கித் தட்டினாள். கடிகாரம் ஓடி முடிந்து, சிவப்பாகப் பெருக்கல் குறி வந்து நின்றது.

"பொண்ணே, எங்க அமுக்கணும்?"

"உங்களுக்கு எப்படித் தோணுதோ அப்படிச் செய்யுங்க" என்றாள் சிரீன். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

"தட்டாதீங்க, இழுங்க" என்று சொல்ல நிதாலுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. மேஜைக்கடியில் சிரீன் அவன் காலை மிதித்தாள்.

மறுபடியும் சிவப்பு. மறுபடியும்.

"கோவிச்சுக்கிட்டா என் புருஷன்கூட இப்படி ஊமையா உட்கார மாட்டான்" என்று உம்மு வர்த் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சிரீன் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கடைசியில், 'நீங்கள் தேர்ச்சி பெறவில்லை' என்று திரை சொன்னது. உம்மு வர்த் எழுந்து அடுத்த அறைக்குப் போய் உட்கார்ந்தாள். நிதால் அவளுக்கு டீ கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்பினான்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உன் சொத்தா அழிஞ்சு போயிருக்கும்?"

"சொல்லக்கூடாது."

"நீயெல்லாம் மனுஷிதானா? அந்தம்மா வேலையே போகப்போகுது!"

பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. மானேஜர் ஃபக்ரி. சிரீன் ஸ்பீக்கரைப் போட்டாள்.

"என்னம்மா, முடிஞ்சுதா? நாளைக்குப் பாடம் கைக்கு வந்துடுமில்ல?"

"வராது சார். ஃபெயில்."

"எனக்கு அப்பவே தெரியும். அவளை அப்படியே வீட்டுக்குப் போகச் சொல்லிடு."

நிதால் பல்லைக் கடித்தான்.

"அவங்க எதுக்கு சார் வீட்டுக்குப் போகணும்?" என்றாள் சிரீன். "மெஷினை நிறுத்தணும்னு முதல் வார்த்தையிலேயே சொல்லிட்டாங்க. நான்தான் கதை, படம், கடிகாரம்னு எல்லாத்தையும் ஒரே இடத்துல போட்டுக் குழப்பி, தெரிஞ்ச பதிலைச் சொல்லவிடாமப் பண்ணிட்டேன். எல்லாத்தையும் பிரிச்சுத் திரும்பச் செய்யணும். ரெண்டு வாரம் ஆகும்."

"ரெண்டு வாரமா? விளையாடறியா? நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

"பார்த்துக்குங்க சார். ஆனா யார் செஞ்சாலும் இவங்களையே உட்காரவச்சு சோதிக்கச் சொல்லுங்க."

"ஏம்மா, பக்கத்துலதானே இருந்தே? எப்படின்னு ஒரு வார்த்தை சொல்லிக் குடுத்துத் தேத்தி விட்டிருக்கக் கூடாதா? எனக்கும் பாடம் நாளைக்கே வந்திருக்கும்."

"சொல்லியிருந்தா இவங்க ஒருத்தர் தேறியிருப்பாங்க. அங்க மெஷின் முன்னாடி நிக்கப்போற மத்தவங்களுக்கு யாரு சார் பக்கத்துல உட்கார்ந்து சொல்றது?"

போனில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"அப்ப யாரு ஃபெயிலுன்னு எழுதிக்கறது?"

"என் பேரை எழுதிக்குங்க சார். இன்னிக்குப் பரீட்சை எழுதினது நான். உம்மு வர்த் திருத்திக் குடுத்தாங்க."