டேப்பில் அளந்த வீடு

"இதுவும் சரிப்படாது" என்றாள் தையல்காரம்மா.

விற்பனையாளர் பல்லைக் கடித்துக்கொண்டே சிரித்தார். அவர் தொழிலில் அதுதான் முதல் பாடம்.

படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாவற்றையும் சக்கரத்தின் மேல் ஏற்றிவைத்த கேரவன்கள் அந்தக் கொட்டகை முழுக்க வரிசையாக நின்றன. வாங்க வந்தவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். குறை சொல்ல வந்தவள் அவர் மனைவி. வீட்டில் தைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே எழுந்து வந்துவிட்டாள் போலிருக்கிறது, கழுத்தில் இன்ச் டேப் தொங்கியது.

இருப்பதிலேயே பெரிய வண்டியின் படுக்கையில் டிரைவர் கண்ணை மூடிக் கிடந்தார்.

"இங்க வந்து படுத்துப் பாரேன். காலையில இந்தத் திரையை விலக்கினா ஏரி. மறுநாள் விலக்கினா மலை. வீடு அதேதான், வாசல் மட்டும் தினம் ஒண்ணு."

வெளியே தூறல் விழுந்தது. தகரக் கூரையில் அது பேசுவதைக் கேட்டபடி விற்பனையாளரும் ஒரு கணம் எங்கோ போய்விட்டார். எதிர்ச் சுவர் கரைந்து, அந்த இடத்தில் தண்ணீர் தளும்புவது போலிருந்தது. இத்தனை வண்டி விற்றவர், ஒன்றிலாவது ஒரு ராத்திரி தூங்கியதில்லை.

"என்ன நீளம்ங்க இது. திருப்பணும்னா ஒரு ஊரையே காலி பண்ணணும்" என்ற குரல் ஏரியை வற்ற வைத்தது.

"அப்போ காருக்குப் பின்னாடி கட்டி இழுக்கற மாதிரி பாக்கறீங்களாம்மா? சேர்ற இடத்துல கழட்டி விட்டுட்டு, காரை மட்டும் எடுத்துட்டு ஊர் சுத்தலாம்."

"ரிவர்ஸ் எடுத்தா அது ஒரு பக்கம் போகும், கார் ஒரு பக்கம் போகும். எங்க வீட்டுல ஏற்கெனவே அப்படித்தான் நடக்குது."

டிரைவர் சத்தமாகச் சிரித்துக்கொண்டே இறங்கினார். இறங்கும்போது திறந்திருந்த கதவில் தோள் நன்றாக இடித்தது.

"கதவைக் கொண்டுபோய் இங்கயா வைப்பான்?"

"அதான் சொல்றேன், வாசல் குறுகல். இது வேண்டாம்" என்று அவள் நகர்ந்துவிட்டாள்.

இரண்டு ஆள் நுழையலாம், அந்த வாசலில். பாவம் இந்த மனுஷன் என்று விற்பனையாளர் நினைத்துக்கொண்டார். காலமெல்லாம் ஊராரைக் கொண்டுபோய் இறக்கிவிட்டவர், தனக்கென்று ஒரு பயணம் கேட்கிறார். வீட்டுக்காரி இன்ச் டேப்பால் அதற்குச் சுருக்குப் போடுகிறாள்.

மூலையில், பால் வண்டி அளவில் ஒரு குட்டி கேரவன் நின்றது. அவள் நேராக அதில் போய் ஏறினாள்.

"அதுல நான் காலை நீட்டினா பின் கதவு திறந்துக்கும்" என்றார் டிரைவர். மறுபடி பெரிய வண்டிக்கே போய்ப் படுத்துக்கொண்டார்.

விற்பனையாளருக்குப் பொறுக்கவில்லை. குட்டி வண்டியின் அருகே போய் நின்றார்.

"அம்மா, தப்பா நினைக்காதீங்க. ஓட்டப் போறவர் அவரு. அவரு ஆசைக்கும் கொஞ்சம் இடம் விடலாமில்ல?"

டிரைவர் சீட்டில் உட்கார்ந்து குனிந்திருந்தவள் நிமிர்ந்தாள். கணவருக்குக் கேட்காத தூரம்தானா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"அவர் இனிமே ஓட்டக் கூடாதுங்க. ரெண்டு ஓரமும் பார்வை அணைஞ்சுகிட்டே வருது. டாக்டர் சொன்னது எனக்குத் தெரியாதுன்னு நினைச்சிட்டிருக்கார். முழுசா அணையறதுக்குள்ள எல்லாத்தையும் பாத்துடணும்னு தவிக்கறார். அதைப் போய் வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வரல."

பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினாள். புத்தம்புது லைசென்ஸ். அதில் அவள் முகம், கொஞ்சம் பயந்தாற்போல.

"பட்டன் வாங்கப் போறேன்னு சொல்லிட்டுப் போய்க் கத்துக்கிட்டேன். வெறுங்கையோட திரும்பினா கேப்பாரே. வீடு பூரா இப்போ பட்டன்தான். இந்த லைசென்ஸுக்குப் பெரிய வண்டியைத் தொடக் கூடாதாம். சின்னதுலயும் எனக்குக் கால் எட்டணுமே."

விற்பனையாளர் அப்போதுதான் கீழே பார்த்தார். டேப்பின் ஒரு நுனி சீட்டில் இருந்தது. மறுநுனி பிரேக்கில்.

"இந்தா, அது என் சீட்டு. இறங்கு" என்றபடி டிரைவர் வந்துகொண்டிருந்தார்.

அவள் ஸ்டீயரிங்கைப் பிடித்தாள்.

"இதை நான்தான் ஓட்டப் போறேன். லைசென்ஸ் வாங்கிட்டேன். காலம் பூரா பஸ் ஓட்டினீங்களே, ரோட்டைத் தவிர வேற என்னத்தைப் பாத்தீங்க? இந்தப் பக்கம் வந்து உக்காருங்க. இனிமே நீங்க ஜன்னலைப் பாருங்க."

அவர் வண்டியைக் கையால் தடவிக்கொண்டே சுற்றி வந்து, பழக்கமில்லாத அந்த இடத்தில் ஏறி உட்கார்ந்தார். ஜன்னல் வழியே, கொட்டகைக்கு வெளியே விழும் தூறலையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் மெல்லக் கேட்டார்:

"அதான் வீட்டுல அத்தனை பட்டனா?"