தோல் ஆறுவதற்குள்

உறுவையாற்றுக் கரும்புக் கொல்லையில் சாப்பாட்டு நேரம். கரும்பு வெட்டுகிறவர்கள் எல்லாரும் தூக்குவாளியைத் திறக்க, செல்வகுமாரி மட்டும் வரப்போரம் காய்ந்த சோகையைக் கொளுத்திப் பறையை அனலில் காட்டுகிறாள். நாளை பாகூரில் பெண்கள் பறைக் குழுவின் முதல் ஆட்டம். அடியைத் தொடங்க வேண்டியவள் இவள்தான். தோல் விறைத்துக் கணீரென்கிறது. ஆனாலும் குச்சி தொடையில்தான் விழுகிறது. "இன்னாடி, மோளத்தக் காய்ச்சிட்டுத் தொடைய அடிக்கிற?" என்கிறாள் சோற்றுக் கையோடு ஜெயசித்ரா. "தெரிஞ்ச அடிக்குத் தொடையே போதும்டி. தடுக்குற எடத்த மட்டுந்தான் தோலுல அடிக்கிறேன். சூடு ஆறிட்டா தொப்புன்னு ஆயிடும்." தொடையில் ஓடிவரும் அடி, தாளத்தின் திருப்பத்தில் தோலுக்குத் தாவித் தடுக்குகிறது, மறுபடியும் அங்கேயே தடுக்குகிறது. புகை கண்ணைக் கரிக்கிறது, அவள் துடைக்கவில்லை. ஒலி மங்கும் நேரத்தில் அந்தத் திருப்பம் தடுக்காமல் வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது. மேஸ்திரி எழுந்து கத்தியை எடுக்கச் சொல்கிறார். "வந்துடுச்சாடி?" என்கிறாள் ஜெயசித்ரா. "கைக்கு வந்துடுச்சி. நாளைக்கிக் கூட்டத்தப் பாத்துட்டு ஓடிப்போவாம இருக்கணும்."