ஆர்னி சொன்ன வடிகட்டி

ஆர்னி ஸ்கோகன் கொட்டகைக்குள் நுழைந்தபோது லைல் அப்போதுதான் போனைக் கீழே வைத்தான். முகம் வெளிறிக் கிடந்தது.

"யாருடா போன்ல? டாக்டரா?"

"இன்ஷூரன்ஸ்காரங்க அண்ணே."

பையன் பறக்கப் பயந்துபோய், செத்தால் எவ்வளவு வரும் என்று விசாரிக்கிறான் என ஆர்னி முடிவுகட்டிவிட்டார். இந்தச் சேதி மத்தியானத்துக்குள் காப்பிக் கடைக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும்.

ஆறு குளிர்காலம் இந்தக் கொட்டகையிலேயே கிடந்து லைல் தன் கையால் கட்டிய குட்டி விமானம். சனிக்கிழமை முதல் தடவையாகப் பறக்க வேண்டும். பெட்ரோல் வடிகட்டி ஒன்றுதான் பாக்கி.

ஆர்னிக்கு இருப்புக் கொள்ளவில்லை. இறக்கையைத் தட்டினார், இழுப்பறையைத் திறந்து மூடினார். அந்தப் பக்கத்திலேயே இந்த ரக விமானம் ஓட்டிப் பழகியவர் அவர் ஒருவர்தான். அந்த உரிமையில் எவன் விமானத்திலும் மூக்கை நுழைப்பார். லைல் தன் சொல்லைத்தான் கேட்பான் என்று காப்பிக் கடையில் ஏற்கெனவே அளந்துவிட்டும் வந்திருந்தார்.

மேசைமேல் இரண்டு வடிகட்டிகள். ஒன்று, லைல் வரவழைத்த எஃகு வலை. மற்றது, கார் சாமான் கடையில் ஆர்னி வாங்கிவந்த காகித வடிகட்டி.

"இன்னுமா யோசிக்கிறே? காகிதத்தை மாட்டுடா. என் பிக்கப் வண்டியில காலங்காலமா அதான் ஓடுது."

"தண்ணி கலந்துட்டா காகிதம் ஊறி அடைச்சுக்கும் அண்ணே. பிக்கப் நின்னா ஓரங்கட்டலாம். மேல போய் நின்னா?"

"நின்னா இறக்கு! சுத்தி எங்க பாத்தாலும் கோதுமை வயல்தானே? மேசை மாதிரி கிடக்கு. நான் இறக்காததா?"

"வலைன்னா கழுவிக் கழுவி மாட்டிக்கலாம்..."

"கழுவறதுக்கு அது என்ன சாப்பிட்ட தட்டா? உசுரு மேல இவ்வளவு ஆசை இருக்கறவன் படகு கட்டியிருக்கணும்டா!"

லைல் மேசைப் பக்கம் திரும்பினான். காகித வடிகட்டியை எடுத்தான். குழாயில் பொருத்தி, பட்டையை முறுக்கி, ஒரு இழு இழுத்துப் பார்த்தான்.

"மாட்டிட்டேன். உங்க பேச்சுப்படியே."

"அப்படி வா வழிக்கு!" ஆர்னி வண்டிச் சாவியைச் சுழற்றிக்கொண்டே வாசலுக்கு நடந்தார். "சனிக்கிழமை நாற்காலி போட்டு முன்னாடி உக்காந்து வேடிக்கை பாக்கறேன்."

"அது முடியாதே அண்ணே. இந்த ரகத்துல பழக்கப்பட்ட ஆள் முதல்ல ஓட்டிக் காட்டினாத்தான் இன்ஷூரன்ஸாம். எனக்கே இப்பத்தான் சொன்னாங்க. உங்க பேரைக் கொடுத்துட்டேன்."

"என்னையா?"

"வேற யாரு இருக்கா? நீங்க ஓட்டற அன்னிக்கு மொத்தக் காப்பிக் கடையும் வந்து நிக்கும் பாருங்க."

சுழன்ற சாவி நின்றது. ஆர்னி விமானத்தைப் பார்த்தார். பிறகு வாசல் வழியே வயலைப் பார்த்தார். எத்தனை மேடு, எத்தனை பள்ளம், எத்தனை வேலிக் கம்பி!

"லைலு... அதைக் கழட்டு."