சார்ஜரைப் பிடித்த கை

பழைய பெட்ரோல் கார் தெருமுனையிலேயே உறுமி, வைரவன் வருவதை வீட்டுக்குச் சொல்லிவிடும். புதிய மின்சார கார் போர்ட்டிகோவுக்குள் வந்து நின்றதுகூட யாருக்கும் தெரியவில்லை. இறங்கி, சுவரில் மாட்டியிருந்த சார்ஜரை எடுத்துக் காரில் சொருகப் போனார். சமையலறை ஜன்னல் வழியே பாட்டு கேட்டது. ரேடியோ என்று நினைத்தார். அந்தக் குரல் நடுவில், "ஐயோ, பால் பொங்கிடுச்சே" என்று அடுப்பை அணைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. விசாலம். அவர் மனைவி. மகளைக் கட்டிக்கொடுத்தே வருஷங்கள் ஆகிவிட்டன. விசாலம் பாடி ஒருநாளும் அவர் கேட்டதில்லை. எங்கள் வீடு அமைதியான வீடு என்றுதான் எல்லோரிடமும் சொல்லி வந்தார். குரல் கூசாமல் மேலே ஏறி, அங்கேயே நின்று காற்று வாங்கியது. சொருகினால் கார் 'பீப்' என்று கத்தும். சார்ஜரைப் பிடித்த கை அப்படியே நின்றது. பாட்டு முடிந்ததும் திருடனைப் போல உள்ளே போனார்.

காலையில் விசாலம் கேட்டாள்: "என்னங்க, சார்ஜே போடலையா? பன்னெண்டு பர்சன்ட்தான் காட்டுது."

"மறந்துட்டேன்."

"நீங்க வர்றதே தெரியமாட்டேங்குது. இனிமே தெருமுனையிலயே ஒரு ஹாரன் அடிச்சிடுங்க."

"சரி" என்றார்.

அன்று மாலை தெருமுனையில் ஹாரன் மேல் கை வைத்தார். அங்கிருந்தே சமையலறை விளக்கு தெரிந்தது. கையை எடுத்துவிட்டு, மூன்று பர்சன்ட்டில் சிவப்பாகச் சிமிட்டிக்கொண்டிருந்த காரை மெல்ல உள்ளே விட்டார்.